வளர்ப்புப் பறவைகளுக்கான விளையாட்டுப் பொருட்கள்

வளர்ப்புப் பறவைகளுக்கான விளையாட்டுப் பொருட்கள் என்பவை, கூண்டிலோ வீட்டுக்குள்ளோ வளரும் பறவைகள் கடிக்கவும், கிழிக்கவும், ஏறவும், ஊசலாடவும், தீனியைத் தேடி எடுக்கவும் தரப்படும் பொருட்கள் ஆகும். ஊஞ்சல், ஏணி, மணி, மரக்கட்டை, ஓலைப் பந்து, தீனி ஒளித்து வைக்கும் பெட்டி ஆகியவை இவற்றுள் அடங்கும். பெயர் விளையாட்டுப் பொருள் என்றாலும், கிளி இனப் பறவைகளுக்கு இவை உணவுக்கும் தண்ணீருக்கும் அடுத்த தேவை. ஆனால் தவறான பொருளைத் தொங்கவிட்டால் கால்விரல் போகலாம்; சில வேளைகளில் உயிரும் போகலாம். ஆகவே எதைத் தருவது என்பதோடு எதைத் தரக்கூடாது என்பதையும் பறவை வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டும்.

ஏன் தேவை

காட்டில் வாழும் கிளி பகற்பொழுதின் பெரும்பகுதியை இரை தேடுவதில் செலவிடுகிறது. மரத்துக்கு மரம் பறந்து, காயை ஒடித்து, ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் விதையை எடுத்துத் தின்கிறது. கூண்டுக் கிளிக்குத் தினையும் கம்பும் கிண்ணத்தில் வந்துவிடுகின்றன. பத்து நிமிடத்தில் வயிறு நிறைந்துவிடும். மீதி நாள் முழுவதும் அந்த அலகுக்கும் மூளைக்கும் வேலை இல்லை. வேலையற்ற கிளி கத்தும், கம்பியைக் கடிக்கும், ஒரே இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும், கடைசியில் தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இளம் அமேசான் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003ஆம் ஆண்டு வெளியானது. தீனியைத் தேடி எடுக்கும் ஏற்பாடுகளும் ஏறி விளையாடும் பொருட்களும் உள்ள கூண்டுகளில் சில கிளிகளும், அவை இல்லாத கூண்டுகளில் சில கிளிகளும் வளர்க்கப்பட்டன. வெறுங்கூண்டுக் கிளிகளிடம் இறகு பிடுங்கும் பழக்கம் தோன்றியது. பின்னர் அவற்றுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது இறகுகளின் நிலை தேறியது. இறகு உதிர்வதற்கு உண்ணிகளும் நோய்களும் காரணமாக இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் காட்டிய பிறகே சலிப்பின் மேல் பழி போட வேண்டும்.

அலகு வாழ்நாள் முழுவதும் வளரும் உறுப்பு. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின்தான் அதன் மேலுறை. கடித்துத் தேய்ந்தால்தான் அதன் வடிவம் சரியாக இருக்கும்.

எந்தப் பறவைக்கு எது

தமிழ்நாட்டில் கடைக்காரரும் வாங்குவோரும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறு கிளியை. உண்மையான காதற்பறவைகள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. உடல் சற்றுப் பருமன், அலகும் வலியது. விளையாட்டுப் பொருள் வாங்கும்போது இந்தப் பெயர்க் குழப்பம் தொல்லை தரும். பட்ஜரிகருக்கு மெல்லிய நெகிழிப் பந்து போதும். காதற்பறவை அதே பந்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

பட்ஜரிகரின் எடை ஏறக்குறைய 30 முதல் 40 கிராம். காக்கட்டீல் 80 முதல் 100 கிராம் இருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 400 கிராமுக்கு மேல். இந்த எண்களை நினைவில் வைப்பது நல்லது. 35 கிராம் பறவையின் வயிற்றில் ஓர் உலோகச் சில்லு என்றால் அது எவ்வளவு பெரிய அளவு என்பது அப்போதுதான் விளங்கும்.

சிறிய பட்ஜரிகருக்கு ஊஞ்சல், ஏணி, கிழிக்கும் ஓலை, உருட்டும் பந்து ஆகியவை ஏற்றவை. காக்கட்டீல் மரத்தையும் தாளையும் மெல்லும். ஒலி எழுப்பும் பொருளை விரும்பும். கான்யூர், சாம்பல் கிளி, காக்கட்டூ போன்ற வலிய அலகுப் பறவைகளுக்கு உடைத்து அழிக்கவே பொருள் வேண்டும். வாங்கி வந்த மரக்கட்டை இரண்டே நாளில் தூளாகிவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அந்தக் கட்டை தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது என்பதே உண்மை.

வரிக்குருவி எனப்படும் சீப்ரா ஃபிஞ்ச் போன்ற சிறு விதை தின்னிகள் பொருளைக் கடித்து விளையாடுவதில்லை. அவற்றுக்கு நீளமான கூண்டு, ஓர் ஊஞ்சல், குளிக்க ஆழமில்லாத தட்டு, புல் கற்றை இவை போதும். கூண்டு நிறையப் பொருட்களைத் தொங்கவிட்டால் பறக்கும் வழிதான் அடைபடும்.

பச்சைக்கிளியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் (பாதுகாப்பு) சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். எத்தனை விளையாட்டுப் பொருள் போட்டாலும் அது தீராது. இந்தக் கட்டுரை வளர்ப்பில் பிறந்த வெளிநாட்டு இனங்களைப் பற்றியது.

அளவும் இடைவெளியும்

பெரிய பறவைக்குச் சிறிய பறவையின் பொருளைத் தரக்கூடாது. உடைந்த துண்டு தொண்டையில் சிக்கும். சிறிய பறவைக்குப் பெரிய பொருளைத் தந்தால் வேறு வகை ஆபத்து. வளையத்தில் தலை நுழைந்து, தோள் நுழையாமல் நின்றுவிடும். பறவை பின்வாங்கத் தெரியாமல் முன்னால் தள்ளும். ஆகவே வளையம் ஒன்று தலையே நுழையாத அளவு சிறியதாக இருக்க வேண்டும், அல்லது உடல் முழுவதும் எளிதாகப் புகுந்து வெளிவரும் அளவு பெரியதாக இருக்க வேண்டும். நடுத்தர அளவுதான் கெட்டது. சங்கிலிக்கும் இதே கணக்கு: கண்ணிக்குள் கால்விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் அளவு ஆகாது.

இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 சனவரி 1 முதல் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை கட்டாயம். அந்த ஆணை கூண்டுப் பறவைக்கான பொருட்களைக் குறித்தது அன்று. பொட்டலத்தின் மேல் ‘பறவைக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க முடியாது. கையில் எடுத்து, திருப்பி, இழுத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

உலோகங்கள்

பறவைக்கு நேரும் நச்சுகளில் அடிக்கடி பேசப்படுபவை துத்தநாகமும் காரீயமும். இரண்டுமே விளையாட்டுப் பொருள் வழியாக வரக்கூடியவை.

துத்தநாகம் ‘ஜி.ஐ. கம்பி’ என்று நாம் சொல்லும் கம்பியின் மேற்பூச்சில் உள்ளது. துருப்பிடிக்காமல் இருக்க இரும்பின் மேல் துத்தநாகத்தைப் பூசுகிறார்கள். புதுக் கம்பியில் இந்தப் பூச்சு ஆங்காங்கே திட்டாகவும் துளியாகவும் நிற்கும். பழைய கம்பியில் வெண்மையான தூள் படியும். கிளி ஏறும்போது கால் போலவே அலகையும் பயன்படுத்தும் பறவை. கம்பியைப் பற்றிப் பற்றி ஏறும்போது இத்துகள்கள் வயிற்றுக்குள் போகின்றன. புதுக் கூண்டில் விட்ட பறவைகள் இப்படி நோயுறுவதால் ‘புதுக் கம்பி நோய்’ என்றே பறவை மருத்துவத்தில் இதற்குப் பெயர். புதுக் கம்பியை வினிகரும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவினால் ஒட்டாமல் நிற்கும் துகள் குறையும். நச்சு முற்றாக நீங்கிவிடாது.

காரீயம் பழைய வண்ணப்பூச்சு, திரைச்சீலையின் அடியில் வைக்கும் எடைக்குண்டு, மீன்பிடி வலைக் குண்டு, மலிவான மணிகளின் பற்றாசு ஆகியவற்றில் இருக்கலாம். நம் சமையலறையின் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

கூண்டுக்குள் தொங்கும் எந்த உலோகமும் எவர்சில்வராக இருப்பதே நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் மரமும் ஓலையும் தீர்ந்த பிறகும் கொக்கியும் வளையமும் ஆண்டுக்கணக்கில் பயன்படும். செலவு செய்ய வேண்டிய இடம் இது. காந்தம் வைத்துச் சோதித்தால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும் வகைகள் உண்டு, ஒட்டாத வகைகளும் உண்டு. ஆகவே இச்சோதனையால் துத்தநாகப் பூச்சு உள்ளதா என்று தீர்மானிக்க முடியாது.

மாட்டும் கொக்கியில் பலர் கவனம் வைப்பதில்லை. சாவி வளையம், நாய்ச் சங்கிலியின் நுனியில் இருக்கும் விசைக் கொக்கி, வாய் திறந்த வளைகொக்கி இம்மூன்றும் வேண்டாம். விசைக் கொக்கியைக் கிளி அலகால் அழுத்தித் திறந்து, மூடும்போது தன் அலகையோ கீழ்த்தாடையையோ மாட்டிக்கொள்ளும். திருகி மூடும் எவர்சில்வர் வளையம் வாங்கி, விரலால் அல்லாமல் குறடால் இறுக்கித் திருக வேண்டும். காக்கட்டூ விரல் இறுக்கத்தைச் சில மணி நேரத்தில் கழற்றிவிடும்.

மணிகளில் சலங்கை மணி ஆகாது. அதன் பிளவில் நகமும் விரலும் நுழைந்து சிக்கும். உள்ளே உருளும் குண்டும் என்ன உலோகம் என்று தெரியாது. கிண்ணம் போன்ற மணி என்றால் அதன் நாக்கு கழன்று வரக்கூடாது. வலிய பறவை நாக்கைத்தான் முதலில் பிடுங்கும்.

கயிறும் துணியும்

கயிற்றுப் பொருட்களைப் பறவைகள் மிகவும் விரும்பும். கடைகளில் பல வண்ணங்களில் கிடைக்கும். இரண்டு கேடுகள் இவற்றில் உண்டு. ஒன்று, பிரிந்த இழை விரலைச் சுற்றிக்கொள்வது. பறவை இழுக்க இழுக்க இழை இறுகும். இரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துவிடும். வீட்டில் ஆள் இல்லாத பகலில் இது நடந்தால் பறவை தலைகீழாகத் தொங்கியபடி கிடக்கும். மற்றொன்று, மெல்லும்போது இழையை விழுங்குவது. கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையில் இழைகள் சேர்ந்து பந்தாகத் திரண்டு வழியை அடைத்துவிடும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

கயிறு தருவதென்றால் சாயமிடாத பருத்தி அல்லது கற்றாழை நாரால் ஆன, தடித்த, இறுக்கமாக முறுக்கிய கயிறாக, குட்டையாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பிரிந்த நுனிகளைக் கத்தரிக்க வேண்டும். நைலான் கயிறும் மீன் நரம்பும் எந்த நிலையிலும் கூடாது. பறவை இழையைக் கிழித்து விழுங்குகிறது என்று கண்டால் கயிற்றை அடியோடு நிறுத்திவிடுவதே சரி. நகம் நீண்டு வளைந்த பறவைக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால் நகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரம், ஓலை, தேங்காய்

இந்தப் பகுதியில் கடைக்குப் போகவே தேவையில்லை. பூச்சி மருந்து தெளிக்காத கொய்யாக் கிளை, முருங்கைக் குச்சி, மூங்கில் துண்டு ஆகியவற்றைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கூண்டில் வைக்கலாம். வெவ்வேறு பருமன் உள்ள கிளைகள் இருந்தால் பாதத்துக்கும் நல்லது. ஒரே பருமன் கொண்ட வழவழப்பான குச்சியில் நாள் முழுக்க உட்காரும் பறவைக்குப் பாதத்தில் புண் வரும். மூங்கிலின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சிலாம்பு இல்லாமல் செய்ய வேண்டும்.

தென்னை ஓலை மிகச் சிறந்த பொருள். சிறுவர்கள் முடையும் ஓலைப் பந்து, ஓலைப் பாம்பு, காற்றாடி எல்லாமே பறவைக்கு ஏற்றவை. கிழிக்கக் கிழிக்க நாராக வரும். ஈர்க்கை மட்டும் உருவி எடுத்துவிட வேண்டும், நுனி கண்ணில் குத்தும். சந்தையில் விற்கும் பனையோலைக் கிலுகிலுப்பையும் நல்லதே. சாயமிடாததாகப் பார்த்து, உள்ளே இருக்கும் கற்களைக் கொட்டிவிட்டுத் தர வேண்டும். வண்ணப் பொருளாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் சாயம் ஒட்டினால் அது பறவையின் வாயிலும் ஒட்டும்.

பாதித் தேங்காய்ச் சிரட்டையில் துளையிட்டுத் தொங்கவிட்டால் தீனிக் கிண்ணமும் ஆகும், கடிக்கும் பொருளும் ஆகும். வெளிப்புற நாரைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்; நாரும் இழைதான்.

கணவாய் ஓடு சுண்ணாம்புச் சத்து தருவதோடு அலகைத் தேய்க்கவும் உதவும். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் கிடைக்கும். கடினமான பக்கம் கம்பியை நோக்கியும் மென்மையான பக்கம் பறவையை நோக்கியும் இருக்கக் கட்ட வேண்டும்.

விலக்க வேண்டியவை: அரளி, எருக்கு, ஆமணக்கு இவற்றின் குச்சியோ இலையோ விதையோ கூண்டின் அருகே வரக்கூடாது. அரளியின் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நச்சு. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியை அழகுக்காகக் கோத்துத் தொங்கவிடுவது இன்னும் கொடியது. ஓடு உடையாத வரை அது பேசாமல் இருக்கும். ஆனால் ஓட்டை உடைப்பதுதானே கிளியின் தொழில்! ஒட்டுப்பலகை, வார்னிஷ் பூசிய மரம், பழைய சன்னல் சட்டம், மருந்தேற்றிய பெட்டிப் பலகை ஆகியவற்றில் பசையும் இரசாயனமும் இருக்கும்; அவையும் வேண்டாம்.

கண்ணாடியும் மண்கலயமும்

பட்ஜரிகர் கூண்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைப்பது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் பெருங்கூட்டமாக வாழும் பறவை அது. தனியாக வைத்த ஆண் பறவை கண்ணாடியில் தெரியும் உருவத்தைத் துணையாக எண்ணி, அதற்கு ஊட்டுவதற்காகத் தின்றதைக் கக்கிக் கண்ணாடியில் பூசும். சில பறவைகள் தீனியை விட்டுவிட்டு அங்கேயே காவல் கிடக்கும். கண்ணாடிக்குப் பதில் இன்னொரு பறவையை வாங்குவது நல்லது; முடியாவிட்டால் நாள்தோறும் அதனோடு பேசி நேரம் செலவிடுவது நல்லது. கண்ணாடி துணையின் இடத்தை நிரப்பாது.

கூண்டில் மண்கலயம் கட்டுவதும் நம் ஊரில் எங்கும் காணலாம். கலயம் விளையாட்டுப் பொருள் அன்று, கூடு. குஞ்சு பொரிக்க எண்ணம் இல்லாதவர் அதை வைத்தால் பெண் பறவை ஓயாமல் முட்டையிடும். உடலின் சுண்ணாம்புச் சத்து கரையும். முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு பறவை இறப்பதும் உண்டு. துணியால் தைத்த கூடாரம் போன்ற படுக்கைகளும் அதே தூண்டுதலைத் தருகின்றன. அவற்றில் இழை ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

தீனி தேடும் ஏற்பாடுகள்

எல்லா விளையாட்டுப் பொருட்களிலும் பயன் மிகுந்தது இதுவே. செலவும் இல்லை. வெள்ளைத் தாளில் நாலு தினையை வைத்து மிட்டாய்ப் பொட்டலம் போல முறுக்கிக் கம்பியில் செருகலாம். தாளுக்குப் பதில் வாழை மட்டைத் துண்டின் அறைகளில் விதையை ஒளிக்கலாம். கீரைக் கட்டைத் தலைகீழாகத் தொங்கவிடலாம். வழவழப்பான அச்சுத்தாள், பசை நாடா, தாள் பிணைக்கும் ஊசி இவை மட்டும் கூடாது.

முதல் நாள் பறவையின் கண் முன்னாலேயே விதையை வைத்து, பாதி திறந்தபடி விட வேண்டும். அது எடுக்கக் கற்ற பிறகு மெல்ல மெல்லக் கடினமாக்கலாம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வரிசைதான் இது. முதல் கணக்கே விடை வராத கணக்காக இருந்தால் குழந்தை சிலேட்டை மூடிவிடும். பழகும் வரை வழக்கமான கிண்ணத்தை எடுத்துவிடக் கூடாது. தீனி எடுக்கத் தெரியாத சிறு பறவை ஒரே நாளில் சோர்ந்துவிடும்.

அறிமுகமும் தூய்மையும்

புதுப் பொருளை நேராகக் கூண்டுக்குள் திணித்தால் பறவை அஞ்சும். சாம்பல் கிளியும் காக்கட்டீலும் இதில் கூச்சம் மிகுந்தவை. கூண்டுக்கு வெளியே கண்ணில் படும் தூரத்தில் சில நாள் வைத்து, பின் கூண்டின் வெளிப்புறம் மாட்டி, அதன் பிறகு உள்ளே வைக்கலாம். வீட்டார் கையில் வைத்து விளையாடிக் காட்டினால் பயம் விரைவில் தெளியும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பொருட்கள் போதும். மற்றவற்றை எடுத்துவைத்து வாரந்தோறும் மாற்றினால் பழையதும் புதியதாகத் தெரியும். படுக்கும் குச்சியைச் சுற்றி எதையும் தொங்கவிட வேண்டாம். இரவில் திடுக்கிட்டுப் படபடக்கும் காக்கட்டீல் அதில் மோதிக்கொள்ளும்.

எவர்சில்வரையும் நெகிழியையும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி நன்றாக அலசி வெயிலில் உலர்த்தலாம். எச்சம் ஊறிய மரத்தையும் ஓலையையும் எறிந்துவிட வேண்டும். வேறு வீட்டுப் பறவை பயன்படுத்திய மரம், கயிறு ஆகியவற்றை இலவசமாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. கிளிகளுக்கு அலகும் இறகும் கெடும் நச்சுயிரி நோய் ஒன்று உண்டு. அந்த நச்சுயிரி பொருட்களின் மேல் நெடுநாள் அழியாமல் இருக்கும்.

விபத்து நேர்ந்தால்

விரலில் இழை சுற்றியிருந்தால் இழுக்கக் கூடாது. ஒருவர் மெல்லிய துண்டால் பறவையைச் சுற்றிப் பிடிக்க, மற்றொருவர் சிறு கத்தரியால் இழையை வெட்ட வேண்டும். பிடிக்கும்போது மார்பை அழுத்தக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அழுத்திப் பிடித்த பிடியிலேயே பறவை இறந்துபோகும். இழை சதைக்குள் புதைந்திருந்தால் வீட்டில் முயலாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

உலோக நச்சின் அறிகுறிகள் சோர்வு, இறகைச் சிலிர்த்து உட்காருதல், கக்குதல், எச்சத்தில் நீர் மிகுதல் அல்லது நிறம் மாறுதல், கால் தளர்ந்து குச்சியிலிருந்து விழுதல், வலிப்பு ஆகியன. பறவை நோயை மறைக்கும் இயல்புடையது. இவை கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. வாயில் எண்ணெயோ உப்புநீரோ ஊற்றுவது மூச்சுக்குழலில் இறங்கி வேறு கேட்டைத் தரும். பறவையைக் காற்றுத்துளை உள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, கதகதப்பாக மூடி, கடித்த பொருளின் மீதித் துண்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் வயிற்றிலுள்ள உலோகத் துண்டு பெரும்பாலும் தெரியும். உலோகத்தைப் பிணைத்து உடலிலிருந்து வெளியேற்றும் ஊசி மருந்து உண்டு. வேளையோடு போட்டால் பல பறவைகள் பிழைக்கின்றன. எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் பறவைக்கான வசதி இராது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தம் ஊருக்கு அருகில் பறவை பார்க்கும் மருத்துவர் யார், எந்த நேரத்தில் இருப்பார் என்பதைப் பறவை நலமாக இருக்கும்போதே விசாரித்துத் தொலைபேசி எண்ணைக் கூண்டின் அருகே எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.